இரண்டு பேராக உட்கார்ந்து சண்டை போட்டுப் படித்தால் அறிவு வளருமா? யூதக் கல்வி ஆராய்ச்சி பற்றி ஒரு கேள்வி

தேன்கூடு:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எட். படிக்கிறேன். ஒப்பீட்டுக் கல்வித் தாளுக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். வகுப்பில் தலைப்பு கேட்டபோது சட்டென்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், "யூதர்களின் கற்றல் முறை" என்று. மேடமும் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சரக்கு ஒன்றும் இல்லை. கையில் இருப்பது ஒரு வாட்ஸாப் ஃபார்வர்டும் இரண்டு யூடியூப் வீடியோவும்தான்.

அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். யூதப் பெண்கள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளைக்கு முதல் எழுத்தைத் தேன் தடவி நக்கக் கொடுப்பார்கள், பள்ளியில் தனியாகப் படிக்கவே விடமாட்டார்கள், இரண்டு இரண்டு பேராகச் சண்டை போட்டுத்தான் படிப்பார்கள், அதனால்தான் இத்தனை நோபல் பரிசு என்று போகும். இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

ஆனால் அந்த இரண்டு பேர் படிப்பு மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹவ்ருதா என்று பெயராம். ஒரு வீடியோவில் பெரிய கூடம், நூறு பேருக்கு மேல், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் யாருக்கும் அது தொந்தரவாகத் தெரியவில்லை. நம் நூலகத்தில் "சத்தம் போடாதீர்" பலகையைப் பார்த்துப் பழகிய எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா? யூதக் கல்வி ஆராய்ச்சி என்று ஒரு துறையே இருக்கிறதா, இல்லை மதப் பிரசங்கம்தானா? நம்பி மேற்கோள் காட்டக்கூடிய பெயர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவசரம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், இரண்டு வாரம்தான் இருக்கிறது.


பழைய சாக்பீஸ்:

முதலில் அந்த ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். அதில் தேன் விஷயம் மட்டும் உண்மை. ஜெர்மனி, வட பிரான்ஸ் பகுதி யூதர்களிடம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அப்படி ஒரு சடங்கு இருந்தது. பலகையில் எழுதிய எபிரேய எழுத்துகளின் மேல் தேன் தடவிப் பிள்ளையை நக்கச் சொல்வார்கள். ஐவன் மார்கஸ் என்ற வரலாற்றாளர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் அது ஒரு நாள் சடங்கு. தேனுக்கும் நோபலுக்கும் முடிச்சுப் போட்டது ஃபார்வர்டு எழுதிய புண்ணியவான்.

துறை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆய்விதழ் இருக்கிறது, பல்கலைக்கழக மையங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மாண்டல் மையம் 2002இல் தொடங்கியது. உங்கள் கேள்விக்கு நேராக வேலை செய்தவர் அங்கே இருந்த ஓரிட் கென்ட். ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் இருவர் இருவராகப் படிப்பதை ஒலி, ஒளிப் பதிவு செய்து, வரிக்கு வரி எழுதி எடுத்து, யார் எப்போது யார் பேச்சை வெட்டினார், யார் எந்த இடத்தில் மௌனமானார் என்று பொறுமையாகப் பார்த்தவர். அவருடைய கோட்பாட்டுக் கட்டுரை 2010இல் வந்தது. பிறகு எலி ஹோல்ட்ஸருடன் சேர்ந்து 2013இல் ஒரு புத்தகம்.

அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது, ஹவ்ருதாவில் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் என்பது. மூன்றாவது ஆள் அந்தப் பாடம், அதாவது மேசை மேல் திறந்து கிடக்கும் நூல். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே போனால் நூலை மறந்துவிடுவார்கள், அது அரட்டை. இரண்டு பேரும் நூலுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டால் பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாகப் படிப்பதுதான். மூன்று பேருக்கும் பேச இடம் கிடைக்க வேண்டும். அதற்கு ஆறு பழக்கங்களை மூன்று ஜோடியாக வைக்கிறார்: காதுகொடுத்துக் கேட்பதும் தன் எண்ணத்தைச் சொல்லில் வைப்பதும் ஒரு ஜோடி, இப்படி இருக்குமோ அப்படி இருக்குமோ என்று அலைவதும் ஒரு இடத்தில் நின்று தோண்டுவதும் இன்னொன்று, துணைநிற்பதும் எதிர்ப்பதும் மூன்றாவது.

கடைசியாகச் சொன்ன ஜோடியை விளக்க ஒரு பழைய கதை உதவும். யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதில் பாவா மெட்சியா பகுதியில், 84ஆம் ஏட்டில் வருகிறது. ரபி (யூத மத ஆசிரியர்) யோஹனானுக்குப் படிப்புத் துணை ரேஷ் லாகிஷ், ஒரு காலத்தில் கொள்ளைக்காரனாக இருந்தவர். அவர் இறந்துபோனதும் யோஹனான் இடிந்துபோகிறார். தேற்றுவதற்காக எலாஸார் பென் பெதாத் என்ற இன்னொரு அறிஞரை அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் இவர் "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஒரு பழைய போதனையை எடுத்துக் கொடுக்கிறார். யோஹனானுக்குக் கோபம் வந்துவிடுகிறது. நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, அவன் இருந்தால் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், அதில் விஷயம் விரிந்துகொண்டே போகும் என்று புலம்புகிறார். நீங்கள் வீடியோவில் பார்த்த கூச்சலுக்கு இதுதான் மூலக் கதை. கட்டுரையின் முதல் பக்கத்துக்கு ஆகும்.


ஏட்டுச்சுரைக்காய்:

சாக்பீஸ் சார் அழகாகச் சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் கதையின் முன்பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ரேஷ் லாகிஷ் ஏன் இறந்தார்? அதே ஜோடிப் படிப்பில்தான். வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமையான கருவியாகின்றன என்று விவாதம், யோஹனான் "திருடனுக்குத் தன் தொழில் தெரியும்தானே" என்று பழைய வாழ்க்கையைக் குத்திக் காட்டிவிட்டார். அந்த மனக்கசப்பில் ஒருவர் நோயில் விழுந்து இறந்தார், மற்றவர் சித்தம் கலங்கி இறந்தார். உலகத்திலேயே புகழ்பெற்ற ஹவ்ருதா ஜோடி அப்படித்தான் முடிந்தது. "எதிர்ப்பது நல்லது" என்று கட்டுரையில் எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு பயிற்சி வகுப்பில் சில ஜோடிகளைப் பதிவு செய்து பார்த்ததை வைத்து "இந்த முறையால் அறிவு வளர்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். கென்ட்டே அப்படிச் சொல்லவில்லை. அவர் காட்டியது நல்ல ஜோடிப் பேச்சு எப்படி இருக்கும் என்பதை. ஜோடியாகப் படித்தவர் தனியாகப் படித்தவரைவிடத் தேர்வில் எத்தனை மதிப்பெண் கூடுதல் என்பது வேறு கேள்வி.

அந்தத் துறையிலேயே பல காலம் மதிப்பெண்ணையோ புரிதலையோ யாரும் பெரிதாக அளக்கவில்லை என்பதுதான் என் முக்கியப் புகார். 1970களில் ஹெரால்ட் ஹிம்மெல்ஃபார்ப் சிகாகோ யூதர்களிடம் செய்த ஆய்வைத் தேடிப் பாருங்கள். சிறுவயதில் யூதப் படிப்பு எத்தனை மணி நேரம் கிடைத்தது, வளர்ந்த பிறகு மத வாழ்க்கையில் எவ்வளவு ஈடுபாடு, இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்தார். ஏறக்குறைய 3000 மணி நேரத்தைத் தாண்டினால்தான் நிலைத்த தாக்கம் தெரிகிறது, அதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஒட்டவில்லை என்று முடிவு. பொதுப் பள்ளி முடிந்து மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கும் துணைப் பள்ளிகளுக்கு அது பெரிய அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், வாரம் 5 மணி நேரம், வருடத்துக்கு 35 வாரம் என்றால் 175 மணி, 3000ஐத் தொட 17 வருடம் ஆகும்! பிள்ளை பேரன் எடுக்கும் வயதுவரை படிக்க வேண்டியதுதான்.

ஆனால் அவர் அளந்தது என்ன? பெரியவரானதும் எவ்வளவு யூதராக இருக்கிறார் என்பதை. அந்தப் பையன் வகுப்பில் என்ன கற்றான், ஒரு பத்தியைத் தானாகப் படித்துப் பொருள் சொல்ல முடிந்ததா, யாரும் கேட்கவில்லை. அதோடு, பிள்ளையை வருடக்கணக்கில் முழுநேர யூதப் பள்ளிக்கு அனுப்புகிற வீடு முதலிலேயே பக்தியான வீடாக இருக்கும். பள்ளி செய்ததா வீடு செய்ததா என்று பிரிப்பது லேசான வேலை இல்லை, அவரும் பிறகு வந்தவர்களும் அதற்குப் புள்ளியியலில் படாதபாடு பட்டிருக்கிறார்கள்.


தேன்கூடு:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, இருவருக்கும் நன்றி. சாக்பீஸ் சார், அந்த 24 ஆட்சேபம் கதையை அம்மாவிடம் சொன்னேன், "உங்க அப்பா இருந்தால் இப்படித்தான்" என்றார்.

இரண்டு சந்தேகம். யூடியூபில் இது "2000 வருடமாக மாறாத முறை" என்கிறார்கள், அப்படியே எழுதலாமா? இரண்டாவது, எண்ணிக்கையை வைத்து முறையாகச் செய்த ஆய்வு ஒன்றாவது வேண்டும், மேடம் அட்டவணை இல்லாவிட்டால் ஆராய்ச்சி என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்.


வடக்குஜன்னல்:

"2000 வருடமாக மாறாத" என்று எழுதாதீர்கள். எந்த மரபைப் பற்றி யார் அப்படிச் சொன்னாலும் எனக்குக் கை அரிக்கும்.

துணையோடு படி என்ற அறிவுரை பழையதுதான். தல்மூதில் தானித் பகுதியில் "துணை, இல்லையேல் சாவு" என்று ஒரு சொலவடையே வருகிறது. நீதிமொழிகளில் உள்ள "இரும்பை இரும்பு கருக்கிடும்" என்ற வசனத்தை இரண்டு மாணவர்கள் ஒருவரை ஒருவர் கூர்தீட்டிக்கொள்வதற்கு உவமையாக எடுப்பதும் அதே பகுதியில்தான். ஆனால் ஒரு கூடம் நிறைய ஜோடி ஜோடியாக, அதுவே பள்ளியின் முதன்மை முறையாக, என்பது வேறு. இன்றைய பெலாரஸில் இருக்கும் வொலோஷின் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரபி ஹாயிம் தொடங்கிய யெஷிவாதான் (தல்மூத் படிக்கும் உயர்பள்ளி) பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் தாய் மாதிரி. ரஷ்ய அரசு 1892இல் அதை மூடவைத்தது. அங்கேயும் தனியாக, தனக்குத்தானே ராகம் போட்டு உரக்கப் படித்தவர்கள் நிறைய இருந்தார்கள், ஜோடிப் படிப்பு இந்த அளவுக்குப் பரவியது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில்தான் என்பது லிதுவேனிய யெஷிவாக்களின் வரலாற்றை ஆராய்ந்த ஷாவுல் ஸ்டாம்ப்ஃபர் போன்றவர்களின் வாதம். மாணவர் கூட்டம் பெருகி, எல்லாத் தரத்தவரும் உள்ளே வந்ததும், தனியாகத் திணறுகிறவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் இது பழமையைவிடச் சுவாரசியமான விஷயம், ஏனென்றால் ஒரு நெருக்கடிக்கு விடையாக வந்த முறை என்றால் எந்த நெருக்கடிக்கு என்று நீங்கள் ஆராயலாம்.

இன்னொன்று. அந்த வீடியோவில் பெண் யாராவது இருந்தார்களா? இருந்திருக்கமாட்டார்கள். யூதர்களின் கற்றல் முறை என்று நீங்கள் தலைப்பு வைத்ததில் பாதிப் பேர் பெரும்பாலான காலம் வெளியே நின்றார்கள். சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் 1917இல் இன்றைய போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் தன் இடத்திலேயே சில சிறுமிகளை வைத்துத் தொடங்கியதுதான் பெய்த் யாக்கோவ் பள்ளிகள். கொஞ்ச வருடத்தில் அது பெரிய இயக்கமாகிவிட்டது, ஆனாலும் அங்கே பெண்களுக்குத் தல்மூத் கிடையாது, வேதாகமமும் ஒழுக்க நூல்களும்தான். நியூயார்க்கில் ஸ்டெர்ன் பெண்கள் கல்லூரியில் 1977இல் ரபி ஜோசப் சொலவெய்ச்சிக் தானே வந்து தல்மூத் வகுப்பைத் தொடங்கிவைத்தபோதுதான் மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் யூதர் வட்டாரத்தில் பலருக்கு அது செய்தியானது. இப்போது பெண்களின் ஹவ்ருதா சாதாரணம். ஹவ்ருதாவை இன்று ஆராய்ந்து எழுதுகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர் என்பதையும் கவனியுங்கள்.


நாற்பத்தொன்று:

அட்டவணை கேட்டீர்கள் அல்லவா, என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும், இந்த ஆய்வுக்காகத்தான் இந்தப் பெயரே வைத்துக்கொண்டேன். பொருளாதாரம் படித்தவன்.

தல்மூதில் பாவா பத்ரா 21ஆம் ஏட்டில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விவாதம் இருக்கிறது. யெஹோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊருக்கு ஊர் ஆசிரியர்களை வைத்து, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார் என்பதும் அங்கேதான். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் அதைச் சட்டமாக எழுதினார்: 25 பிள்ளைகள்வரை ஒரு ஆசிரியர், 25க்கு மேல் 40வரை ஒரு துணை ஆசிரியர், 40ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர்கள். இஸ்ரேலின் அரசுப் பள்ளிகளிலும் 1991 வாக்கில் ஒரு வகுப்புக்கு 40தான் உச்சவரம்பாக இருந்தது.

இப்போது பாருங்கள். ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் 40 பேர் சேர்ந்தால் எல்லோரும் ஒரே அறையில். பக்கத்துப் பள்ளியில் 41 பேர் சேர்ந்தால் 20 பேர் ஒரு அறையில், 21 பேர் இன்னொரு அறையில். அந்த ஒரே ஒரு பிள்ளை எந்த ஊரில் சேர்ந்தது என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் சீட்டு. ஆகவே பணக்காரப் பள்ளியில்தான் வகுப்பு சின்னது, அதனால்தான் மதிப்பெண் என்ற பழைய குழப்பம் இங்கே வராது. ஜோசுவா ஆங்ரிஸ்ட், விக்டர் லேவி இருவரும் 1991, 1992ஆம் ஆண்டுத் தேர்வு விவரங்களை வைத்து இதைச் செய்து 1999இல் வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் அறை சிறியதானால் மதிப்பெண் தெளிவாகக் கூடியது, நான்காம் வகுப்பில் அதைவிடக் குறைவாக, மூன்றாம் வகுப்பில் ஒன்றும் தெரியவில்லை. "மைமோனிடிஸ் விதி" என்று பொருளாதாரம் படிக்கிறவர்கள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்வோம். இந்த மாதிரி இயற்கைச் சோதனைகளுக்கான வழிமுறைகளுக்குத்தான் ஆங்ரிஸ்டுக்கு 2021இல் நோபல். ஆக உங்கள் ஃபார்வர்டில் நோபலும் உண்மையாகிவிட்டது, கொஞ்சம் சுற்றி வந்து.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் ஏமாற்றுக்காரன். அதே ஆட்கள் இன்னும் இருவரோடு சேர்ந்து, பிந்தைய வருடங்களின் பெரிய தொகுப்பை வைத்து அதே விதியை 2019இல் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். தாக்கம் காணவில்லை! போதாததற்கு, வரம்பைத் தாண்டினால் கூடுதல் வகுப்பு கிடைக்கும் என்பதால் சேர்க்கை எண்ணிக்கை அந்த எல்லைக்கு அருகே இயல்புக்கு மாறாகக் குவிந்திருப்பதையும் கண்டுபிடித்தார்கள். அதாவது நான் மேலே சொன்ன குலுக்கல் சீட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். தன்னைப் பிரபலமாக்கிய முடிவைத் தானே போய்ப் பரிசோதித்து, இப்போது அப்படித் தெரியவில்லை என்று அச்சில் போட்டவர்கள் எத்தனை பேர்? உங்கள் மேடத்துக்கு இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.


மழைக்காகிதம்:

பெரிய பெரிய விஷயமாகப் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் ஒரு வகுப்பறை அனுபவம்.

மூன்று வருடம் முன்பு இந்த ஹவ்ருதா பற்றி எங்கோ படித்துவிட்டு, வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் முயன்றேன். "இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள், இந்தப் பக்கத்தை விவாதியுங்கள்" என்றேன். அவ்வளவுதான் என் தயாரிப்பு. பத்து நிமிடத்தில் நடந்தது: நன்றாகப் படிக்கும் பிள்ளை சொல்லச் சொல்ல மற்றது எழுதிக்கொண்டது, நான்கைந்து ஜோடி முந்தின நாள் பார்த்த மேட்சைப் பேசியது, ஒரு ஜோடி நிஜமாகவே சண்டை போட்டு ஒருத்தி அழுதுவிட்டாள். அடுத்த பீரியடுக்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார், வகுப்பா சந்தையா என்று கேட்டார். நானும் அந்த முறையே சரியில்லை என்று மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் மேற்படிப்புக்குப் போன இடத்தில் யாரும் சேரலாம் என்று ஒரு யூத நூல் வாசிப்பு வகுப்பு இருந்தது, ஆர்வத்தில் சேர்ந்தேன். எட்டு வாரம், எட்டு வாரமும் அதே துணை. எனக்குக் கிடைத்தவர் என்னைவிட இருபது வயது மூத்த ஒரு பெண்மணி. முதல் நாள் நூலையே திறக்கவில்லை. உனக்கு எப்போது எரிச்சல் வரும், நீ மௌனமாக இருந்தால் யோசிக்கிறாய் என்று எடுத்துக்கொள்வதா கோபம் என்று எடுத்துக்கொள்வதா, நான் குறுக்கே பேசினால் எப்படிச் சொல்வாய், இதைத்தான் பேசச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நூலை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்டதை முதலில் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கருத்து. ஆறே வரிதான் பாடம், ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. மூன்றாம் வாரம் ஒரு வினைச்சொல்லை வைத்து இருவருக்கும் பெரிய தகராறு, அவர் "சரி, நீ சொல்வதுபோல் எடுத்துக்கொண்டால் கடைசி வரி என்ன ஆகும், சொல்" என்றார். என் வாதத்தை எனக்காக அவரே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதவிட்டார், ஆனால் மோதும்வரை கூடவே வந்தார். சாக்பீஸ் சார் சொன்ன துணைநிற்பதும் எதிர்ப்பதும் ஒரே ஜோடி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அந்த முதல் நாளைக் கொடுக்கவே இல்லை, நேராகச் சண்டைக்கு அனுப்பிவிட்டேன்.


பழைய சாக்பீஸ்:

சுரைக்காய் சொன்ன முன்பாதி நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்று மறைக்கவில்லை, அந்தக் கதையில் பின்பாதிதான் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும்.

"புரிதலை யாரும் அளக்கவில்லை" என்ற புகார் முன்பு சரியாக இருந்தது, இப்போது அவ்வளவு சரியில்லை. அந்தத் துறைக்குள்ளேயே இதற்காகக் கலகம் நடந்திருக்கிறது. 'யூத அடையாளத்தை வளர்ப்பது' என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் எழுதுகிறோமே, அப்படி என்றால் என்ன, அதை யாரால் அளக்க முடியும் என்று ஜான் லெவிசோனும் ஆரி கெல்மனும் 2019இல் ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்கள். ஜிவா ஹாஸென்ஃபெல்ட் வேதாகம வகுப்புகளில் உட்கார்ந்து, ஒரு பத்திக்கு மாணவன் சொல்லும் பொருளுக்கும் ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் பொருளுக்கும் நடுவே என்ன நடக்கிறது, எது செல்லுபடியாகும் என்று யார் தீர்மானிக்கிறார் என்று பார்த்திருக்கிறார். சிவன் ஜகாய் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை வருடா வருடம் சந்தித்து இஸ்ரேல் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, 2022இல் புத்தகமாக்கினார். பெரியவர்கள் இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துக் கொடியும் பாட்டுமாகச் சொல்லிக்கொடுக்க, அந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அங்கே சண்டை இருப்பதையும் தங்களிடம் எதையோ சொல்லாமல் விடுகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு பத்தி எழுதுங்கள், எல்லோரும் மாணவனையே பார்க்கிறார்கள். 1990களில் ஆடம் கமோரன் குழு அட்லாண்டா, பால்டிமோர், மில்வாக்கி மூன்று ஊர்களில் யூதப் பள்ளி ஆசிரியர்களைக் கணக்கெடுத்தது. கற்பித்தலிலும் யூதப் பாடங்களிலும் இரண்டிலும் முறையான பயிற்சி பெற்றவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான், இரண்டிலும் பயிற்சி இல்லாதவர்கள் மூன்றில் ஒருவர். புத்தகத்தின் மக்கள் என்று புகழப்படுகிறவர்களின் பள்ளிகளில்! அதை மூடி மறைக்காமல் அவர்களே எண்ணி வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட அறிவு வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு, இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று உண்டு என்று லீ ஷுல்மன் 1986இல் சொன்னதை நீங்கள் பி.எட்.டிலேயே படித்திருப்பீர்கள். அந்த ஷுல்மன் சிகாகோவில் யெஷிவா பள்ளியில் படித்தவர். அங்கிருந்து என்ன எடுத்துவந்தார் என்று தேடினால் உங்கள் கட்டுரைக்கு ஒரு நல்ல மூலை கிடைக்கலாம்.


தேன்கூடு:

மேடத்திடம் போய்த் தலைப்பை மாற்றிக்கொண்டேன். இப்போது தலைப்பு "ஹவ்ருதாவில் மூன்றாவது ஆள்: யூதக் கல்வி ஆய்வுகளில் நூலின் இடம்". 1999, 2019 இரண்டையும் காட்டினேன் நாற்பத்தொன்று, "இது உன் தலைப்புக்குச் சம்பந்தமில்லையே" என்றார். உண்மைதான், நானும் யோசித்தேன். ஆனால் விட மனம் இல்லை, பின்னிணைப்பில் போடச் சம்மதித்திருக்கிறார்.

மழைக்காகிதம் அக்கா, அந்த முதல் நாள் கேள்விகள் வேறு ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் எட்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள், ஒரே ஒரு பீரியட் கேட்டு வாங்கியிருக்கிறேன்.


மழைக்காகிதம்:

நினைவிருப்பது இன்னும் மூன்று. உனக்குப் புரியாதபோது எப்படித் தெரிவிப்பாய், வாயால் சொல்வாயா முகம் காட்டிக்கொடுக்குமா? நான் தவறாகப் படித்தால் உடனே திருத்த வேண்டுமா, முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? கடைசியாக, நாம் இருவரும் ஒத்துப்போய்விட்டால் அப்புறம் என்ன செய்வது? இதற்கு அந்தப் பெண்மணி சொன்ன பதில், "அப்படியானால் நூலை மறுபடியும் முதல் வரியிலிருந்து படிப்போம், அது நம்மோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்."

ஒரு பீரியட் போதாது. இரண்டாக வாங்குங்கள்.